அகர வரிசையில் இருபத்தேழு வாக்குகள்

“ஐயோ…!”

ஒஸ்லோவின் ட்வெய்ட்டா தமிழ் மன்றத்தின் களஞ்சிய அறையிலிருந்து ஓர் அலறல்!

மன்றத் தலைவராகி இருபது நிமிடமே ஆகியிருந்த ஆனந்தராஜா, கழுத்து மாலையோடு ஓடினார்.

உள்ளே… தேர்தல் அதிகாரி குலேந்திரன் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம்!

அலறியது துஷ்யா. ஆனாலும் தாதி அல்லவா! அதற்குள் சுதாரித்து நாடி பிடித்துவிட்டாள்.

“ஹெர்ரெகுட், கடவுளே! நல்லகாலம், மூச்சு இருக்கு மாமா. அம்புலன்ஸ் வருது.”

மூன்று வாக்கில் தோற்ற சயூரனும் பின்னாலேயே வந்து நின்றான்.

ஆனந்தராஜாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒஸ்லோவில் சுரங்க ரயில் ஓட்டுகிறவர். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்துக் கவர்னர் தேர்தல்களின் வரலாற்றைப் பதினொரு வருடமாகத் தமிழில் எழுதுகிறவர். ஏன் ஜோர்ஜியா? அவருக்கே தெரியாது! அவர் ஓட்டும் ரயிலில் ஆட்கள் நம்பி ஏறுவார்கள். அவரோடு தேநீர் குடிக்க மட்டும் வரமாட்டார்கள்.

அப்படிப்பட்டவருக்கு இன்று அறுபத்தொரு வாக்குகள்! சயூரனுக்கு ஐம்பத்தெட்டு.

துஷ்யாவும் சயூரனும் குலேந்திரனை மெல்ல ஒருக்களித்துக் கிடத்தினார்கள். வயிற்றுக்கு அடியில்… வாக்காளர் பதிவேடு!

ஆனந்தராஜா அதை எடுத்துப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் கண் நின்றது.

“அமலதாஸ்… ஆரணி… இந்திரகுமார்… ஈஸ்வரி… உதயசீலன்…”

“அதுக்கென்ன அண்ணை?” என்றான் சயூரன்.

“கடைசி இருபத்தேழு பேரும் அகர வரிசையிலை வந்து கையெழுத்து வைச்சிருக்கினம்! சனம் வரிசையிலை வரும் தம்பி. அகர வரிசையிலை வராது!”

அவர் குரல் உயர்ந்தது.

“இஞ்சை பார், மனோன்மணி! போன மாரியிலை துரொண்ட்ஹெய்மிலை செத்தவ. நானே மலர்வளையம் வைச்சனான்!”

“ஐயோ…” சயூரன் கண்ணை மூடினான். அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும்.

“ஆயிரத்தித் தொளாயிரத்தி நாப்பத்தாறு! ஜோர்ஜியா! வெண்ட கவர்னர் பதவி ஏற்க முதலே செத்துப்போனார். கதிரைக்கு மூண்டு பேர் அடிபட்டவை. அதிலை ஒராள், செத்தவரின்ரை மகன். அவருக்கு வாக்குக் காணாது. உடனை சொந்த ஊரிலை ஐம்பத்தெட்டு வாக்குக் ‘கிடைச்சுது’. பத்திரிகைக்காரன் தோண்டிப் பாத்தால்… செத்தவையும் போட்டிருக்கினம். அதுவும் அகர வரிசையிலை! அதே களவுதான் இஞ்சையும் நடந்திருக்கு. களவாலை லாபம் அடைஞ்சவன் ஆரோ, அவன்தான் குற்றவாளி!”



துஷ்யா தயங்கினாள். “மாமா… வெண்டது நீங்கள்தானே?”

ஆனந்தராஜா விரல் விட்டு எண்ணினார்.

அறுபத்தொன்றில் இருபத்தேழு போனால்… முப்பத்துநாலு! துப்பறிந்து துப்பறிந்து, தன்னையே பிடித்துவிட்டார்!

“நா… நான் அடிக்கேல்லை…”

“அவர் அடிக்கேல்லை!” சயூரன் கையை உயர்த்தினான். “முடிவு சொன்ன நேரம் தொடக்கம் என்னைப் பிடிச்சு வைச்சு ஜோர்ஜியா கதைச்சவர். இருபது நிமிசம்! நான் சாட்சி. சாட்சியில்லை, பாதிக்கப்பட்டவன்!”

அப்போது குலேந்திரன் கண் திறந்தார்.

“பதிவேட்டை… இழுத்தது…”

அவர் விரல் வாசலைக் காட்டியது.

எல்லோரும் திரும்பினார்கள்.

அங்கே… வசந்தமலர்! ஆனந்தராஜாவின் மனைவி! இன்று காலை முதல் பதிவேட்டு மேசையில் இருந்தவள்!

“நான் அடிக்கேல்லை!” அவள் அழுதாள். “சரிபாக்கப் போறன் எண்டார். பயத்திலை பறிச்சன். அவர் சறுக்கி, பின்னாலை அலுமாரித் தட்டிலை மண்டை அடிபட்டுப் புத்தகத்துக்கு மேலை விழுந்திட்டார். பிரட்டிப் பாத்தன். ஏலேல்லை. நூறு கிலோ! ஆரையும் கூப்பிடவும் பயம்…”

“ஏன் வசந்தா?”

“வாக்குப் போட வந்த ஆக்களின்ரை முகத்தைப் பாத்தன். நீங்கள் தோக்கப் போறியள் எண்டு விளங்கிச்சு. பதினொரு வருசமா ஒருத்தரும் உங்களைக் காது குடுத்துக் கேக்கேல்லை. ஒரு நாளாவது உங்கடை கழுத்திலை மாலை விழட்டும் எண்டு, நானே கையெழுத்தும் வைச்சு, வாக்கும் போட்டன்…”

 ஆனந்தராஜா மாலையைக் கழற்றிச் சயூரனின் கழுத்தில் போட்டார். குலேந்திரனின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார்.

அம்புலன்ஸ் வந்தது. படுக்கையில் ஏற்றும்போது குலேந்திரன் முனகினார்.

“சறுக்கி விழுந்தது உண்மைதான். ஆஸ்பத்திரியிலை அதையே எழுதட்டும். ஆனா தங்கச்சி, இனி மன்ற மேசைப் பக்கம் வரப்படாது!”

வசந்தமலர் தலையாட்டினாள்.

வாசலில் இருவரும் தனியானார்கள்.

“இந்தக் களவெல்லாம் ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?”

“நீங்கள்தான். உங்கடை ஏழாம் அத்தியாயம்.”

ஆனந்தராஜாவின் முகத்தில் பதவி போன சோகம் ஒரு நொடியில் பறந்தது!

“நீ… என்ரை புத்தகத்தை வாசிச்சனியோ?!”

“ஓம்.”

“பிறகென்னண்டு அகர வரிசையிலை எழுதினனி? அவையள் அதாலைதான் பிடிபட்டவை எண்டு அடிக்குறிப்பிலை தெளிவாப் போட்டிருக்கிறனே!”

வசந்தமலர் மூக்கைத் துடைத்தாள்.

“என்னப்பா… அடிக்குறிப்பை எல்லாம் ஆர் வாசிக்கிறது?!”