விற்காத வாசற்படி

கார்வேட்டிநகரத்தில் அந்த வீடு பாதி இடிந்து நின்றது. காலை பத்து மணி வெயிலில் திருவேங்கடம் தன் ஹெரால்டு காரைக் கொண்டுபோய் அதன் எதிரே நிறுத்தினார். அறுபது வயதுக் கார். இரண்டே கதவு. முன்பக்கம் மொத்தமும் முதலை வாயைப் பிளக்கிற மாதிரி திறக்கும். இப்படி ஒரு காரில் வந்து இறங்குகிறவனைப் பார்த்தால் விற்கிறவன் ‘இன்றைக்கு ஒரு ஏமாளி மாட்டினான்’ என்று நினைத்துக்கொள்வான். திருவேங்கடத்துக்கு அதுதான் வேண்டும். நகரியில் லுங்கிக் கடை வைத்து முப்பது வருஷமாகப் பேரத்திலேயே பழுத்தவர் அவர்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊரார் திருப்பதி மலைக்குப் போவார்கள். இவர் இடிபடும் வீடுகளைத் தேடிப் போவார். தூண், ஜன்னல், ஓடாத கார் என்று எதையாவது வாங்கிவந்து, தேய்த்து, ஒட்டி, பழைய மாதிரி ஆக்கி நிறுத்துவார். அப்படிச் சரிசெய்த எதையும் இதுவரை விற்றதில்லை. வியாபார மூளை அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கடையைச் சாத்திவிடும்.

அன்றைக்கு அவர் தேடி வந்தது ஒரு நிலையும் கதவும். தேக்கு. மேல்கட்டையில் தாமரை செதுக்கியிருந்தது. வீட்டுக்காரன் சுரேஷ்பாபு பக்கத்தில் வந்து நின்றான்.

“இன்னா சொல்ற இதுக்கு?”

“ரேட்டு அப்புறம் பேசிக்கலாம்ணா. கதவு, ரெண்டு காலு, மேல்கட்டை எல்லாத்தையும் எடுத்துக்கோ. கீழ வாசப்படி மட்டும் வுட்டுடு.”

“ஏன், படிக்குத் தனி ரேட்டா?”

“படிய நாங்க விக்கிறதில்ல. அது ஊட்டு மனுஷங்களோடது. கொளுத்திடணும்னு எங்க நைனா சொல்லிட்டுப் போயிருக்காரு.”

திருவேங்கடம் சிரித்தார். விற்க மாட்டேன் என்று ஒருவன் சொன்னால் அவருக்கு அது விலை ஏறுகிற சத்தமாகத்தான் கேட்கும். “படி இல்லாத நிலைய வெச்சிக்கினு நான் இன்னா, மாட்டுக் கொட்டாய்க்கா கட்டப் போறேன்? ஒரிஜினல் இருந்தாதான் எனக்கு வேணும்” என்றார். அவன் அசையவில்லை. காரில் ஏறி உட்கார்ந்து, கிளப்பி, கிளம்புகிற மாதிரி கொஞ்சம் உருட்டி, நின்று, கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தார். மூன்று முறை இப்படிப் போய் வந்தார். நான்காவது முறை அவனுக்கு அலுத்துவிட்டது.

“உன் இஷ்டம்ணா. நான் சொல்லிட்டேன்.”

“நானும் கேட்டுட்டேன்.”

படியோடு சேர்த்து நிலையை ஒரு டெம்போவில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பும்போது திருவேங்கடம் மெல்ல விசில் அடித்தார். எட்டு மாதத்தில் அது முதல் முறை.

எட்டு மாதத்துக்கு முன்னால்தான் அவருடைய ஒரே பெண் கீர்த்தி செத்துப்போனாள். இருபத்துமூன்று வயது. காரடியில் அவரோடு படுத்து, முகமெல்லாம் கிரீஸ் பூசிக்கொண்டு, ‘நைனா, பன்னெண்டாம் நம்பரு’ என்று ஸ்பானருக்குக் கை நீட்டுகிற பெண். டெங்கு வந்து, தேறி வீட்டுக்கு வந்து, இட்லி கேட்டுத் தின்று, மறுநாள் விடியற்காலையில் தன் அறையிலேயே போய்விட்டாள்.

நட்சத்திரம் அவிட்டம். அடைப்பு என்றார் சாஸ்திரி. அந்த நட்சத்திரத்தில் போனவர்கள் போன வழியே திரும்பி வருவார்களாம். வீட்டை ஆறு மாதம் பூட்டிப்போட வேண்டும். இல்லையென்றால் சுவரை இடித்து அந்த வழியாக எடுத்துப்போய், உடனே அடைத்துவிட வேண்டும். உறவுக்காரர்கள் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். கீர்த்தியின் அறையில் மேற்குச் சுவரை உடைத்து அவளை எடுத்துப் போனார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பி வருவதற்குள் கொத்தனார் மோகன்ராஜ் செங்கல் வைத்து அடைத்துப் பூசியே முடித்திருந்தான்.

எத்தனை முறை வெள்ளையடித்தும் அந்த ஒட்டு தெரிந்தது. திருவேங்கடம் தினமும் அதைப் பார்ப்பார். மனைவி தரணி பார்க்க மாட்டாள். ஒரே ஒரு முறை மட்டும் சொன்னாள்: “அவ வர்ற வழிய நாமளே நின்னுக்கினு அடைச்சிட்டோம்.”

அந்த வார்த்தைக்காகத்தான் இந்த நிலை.

மோகன்ராஜ் ஒட்டை உடைத்து எடுத்தான். அடைத்த கையாலேயே உடைப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் திருவேங்கடத்தின் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. தரணி அறை வாசலில் நின்று கேட்டாள்.

“வெறும் ஓட்டையா வுட்டா போதாதாங்க? அவ போனது ஓட்டை வழியாதானே.”

“என் பொண்ணு எலியா, ஓட்டை வழியா வர்றதுக்கு? கதவத் தொறந்துக்கினு வரட்டும்.”

மூன்று நாள் வேலை. உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் கொடுத்து, கீலுக்கெல்லாம் கிரீஸ் வைத்து, கார்வேட்டிநகரத்து நிலை கீர்த்தியின் அறையில் பளபளவென்று நின்றது. தரணி படிக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, இருவரும் அறையின் மூலையில் பாய் போட்டு உட்கார்ந்தார்கள்.

வெளியே தறிகளின் சத்தம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. வேப்ப மரத்தில் காக்கைகள் அடங்கின. வாசற்படிக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் பழுத்து, கறுத்து, தரையோடு தரையானது.

முதலில் வாசனை வந்தது.

கீர்த்தி வந்தால் பெட்ரோலும் தேங்காயெண்ணெயும் கலந்து மணக்கும். இது அது இல்லை. புகையிலை. மட்கின வேட்டி. நனைந்த சாம்பல்.

படியில் ஏதோ ஊன்றியது. மரம் ஒரு கனத்தைத் தாங்கி முனகியது.

பிறகு அறைக்குள்ளே, அவர்களைத் தாண்டி, நிதானமான காலடிகள். கீர்த்தியின் கட்டில் கிறீச்சிட்டது. மெத்தையின் நடுவில் மெல்ல ஒரு பள்ளம் விழுந்தது.

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

கிழட்டுத் தொண்டை. தண்ணீர் கொண்டுவரச் சொல்லாமலே கொண்டுவருவார்கள் என்று பழகிப்போன தொண்டை.

தரணி அவர் கையைப் பிடித்தாள்.

“இது நம்ம கொழந்த இல்ல.”

அப்போதுதான் வெளியே சுவரில் அந்தத் தட்டல் கேட்டது.

டொக். டொக். டொக்.

விரல் முட்டியால் தட்டுகிற சத்தம். பழைய காரின் உடம்பில் எங்கே ஒட்டுப்போட்டு மறைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க இப்படித்தான் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல தகடு கணீரென்னும்; ஒட்டு மொத்தென்னும். கீர்த்திக்கு அது கைப்பழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. தர்பூசணியைத் தட்டுவாள், பிரிட்ஜைத் தட்டுவாள், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கும் அப்பாவின் தொப்பையைத் தட்டி, ‘இதுல பூரா ஒட்டு நைனா’ என்பாள்.

இப்போது அவள் வீட்டுச் சுவரைத் தட்டிக்கொண்டு வந்தாள். தன்னை எடுத்துப்போன இடத்தைத் தேடிக்கொண்டு. சமையலறைச் சுவர். மாடிப்படிச் சுவர். மேற்குச் சுவர். திறந்திருந்த கதவருகே வந்ததும் தட்டல் நின்றது.

படிக்கு வெளியே நின்றது. படியைத் தாண்டவில்லை.

பிறகு மறுபடியும் முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தது.

விடிந்ததும் திருவேங்கடம் சுரேஷ்பாபுவுக்குப் போன் போட்டார். “உங்க ஊட்டுல பொகையில போடற பெரியவரு யாருய்யா?”



“வந்துட்டாராண்ணா?”

“யாரு?”

“எங்க பெரிநைனா, நைனாவோட அண்ணன். நான் பொறக்கறதுக்கு முன்னாடியே செத்துட்டாரு. படி எங்க இருக்குதோ அங்கதான் அவுரு ஊடு. ஒண்ணும் பண்ண மாட்டாருண்ணா. வருவாரு, ஒக்காருவாரு. ஆனா அவுரு ஒக்காந்திருந்தா வேற யாரும் அந்தப் படி ஏற மாட்டாங்க. எங்க அம்மா செத்தப்புறம் அவங்களும்கூட வரல.”

“திருப்பி எடுத்துக்கினு போய்யா. நீ கேக்கறத தரேன். வாய வுட்டு ஒரு ரேட்டு சொல்லு.”

“தெலிசி எவுரண்ணா, தெரிஞ்சே யாரு எடுத்துக்குவாங்க?” அவன் குரலில் கேலி இல்லை, அதுதான் பயங்கரமாக இருந்தது. “எங்க ஊட்டுல எல்லாரும் இப்பதான் நிம்மதியாத் தூங்கறோம்.”

வாழ்க்கையில் முதல் முறையாக, கேட்ட விலையைத் தர அவர் தயாராக இருந்தார். வாங்க ஆள் இல்லை.

அன்று மத்தியானமே மோகன்ராஜை வரவழைத்து நிலையைப் பெயர்த்தார். கொல்லைப்புறத்தில் போட்டு பெட்ரோல் ஊற்றினார். தாமரை கடைசியாக எரிந்தது. தேக்கு எரிகிற புகை கண்ணைக் கரித்தபோது நன்றாக அழவும் முடிந்தது. சுவரில் இப்போது வெறும் ஓட்டை. பல்லுப்பல்லாக நீட்டிக்கொண்டிருக்கும் செங்கல். அவளை எடுத்துப்போன அன்றைக்கு இருந்த மாதிரியே. சாயங்காலம் இருவரும் மறுபடி அறையின் மூலையில் பாய் போட்டு உட்கார்ந்தார்கள்.

வாசனை வந்தது. பெட்ரோல், அதன் அடியில், சன்னமாக, தேங்காயெண்ணெய்.

தரணி வாயைப் பொத்திக்கொண்டாள். வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

டொக். டொக். டொக்.

சமையலறைச் சுவர். மாடிப்படி. மேற்கு. உடைந்த செங்கல் விளிம்பில் ஒரு தட்டு. செம்மண் பொடி கொட்டியது. தொட்டுவிட்டாள். கண்டுபிடித்துவிட்டாள். ஓட்டைக்கு இந்தப் பக்கம் சிமெண்டுத் தரையில், ஈரமான வெறுங்காலின் அடையாளம் ஒன்று பதிந்தது. கட்டைவிரல் கொஞ்சம் உட்புறம் வளைந்த கால். பெற்றவளுக்குத் தெரியாதா?

தரணி இரண்டு கையையும் நீட்டினாள்.

அப்போது கட்டிலில் ஒரு செருமல்.

திருவேங்கடம் திரும்பிப் பார்த்தார். மெத்தையில் நேற்று விழுந்த பள்ளம் அப்படியே இருந்தது. காலையிலும் இருந்தது; நிலையைப் பெயர்க்கும்போதும் இருந்தது. பரபரப்பில் அவர்தான் கவனிக்கவில்லை. வந்தவர் போகவே இல்லை. போவதற்கு இருந்த ஒரே படியை இவர் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தியிருந்தார்.

தரையில் பதிந்த கால் அடையாளம் அசையாமல் இருந்தது.

பிறகு அந்தக் குரல். முன்பின் தெரியாத வீட்டில் தப்பாக நுழைந்துவிட்ட பெண்ணின் குரல். மரியாதையாக, வெட்கமாக.

“மன்னிச்சிக்கோங்க தாத்தா… ஊடு மாறி வந்துட்டேன்.”

ஈரம் தரையில் காய்ந்து மறைந்தது.

திருவேங்கடம் கத்திக்கொண்டே ஓட்டை வழியாக வெளியே பாய்ந்தார். செங்கல் தோளைக் கிழித்தது. சந்தில் யாரும் இல்லை. தட்டல் பக்கத்து வீட்டுச் சுவரில் கேட்டது. அங்கே ஓடினார். அதற்கடுத்த வீட்டில் கேட்டது. அதற்கப்புறம், ரயில்வே கேட் தாண்டி, எங்கோ.

மறுநாளிலிருந்து அவர் கடைக்குப் போகவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த அறையில் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து பேரம் பேசுவார். “பெரியவரே, உங்களுக்கு இன்னா வேணும்? புது நிலையா? கார்வேட்டிநகரத்துலயே நிலம் வாங்கி ஊடு கட்டித் தரேன். எந்திரிங்க.” முப்பது வருஷம் கற்றதெல்லாம் எடுத்து வைப்பார். கோபித்துக்கொண்டு கிளம்புகிற மாதிரி எழுந்துகூடப் பார்ப்பார். எதிரில் ஒரு செருமல். அவ்வளவுதான். தரணி பழகிப்போய், ஒரு செம்புத் தண்ணீரை அந்தக் கட்டிலருகே வைக்க ஆரம்பித்தாள். காலையில் செம்பு காலியாக இருக்கும்.

நாற்பது நாள் ஆகியிருக்கும். விளக்கு வைத்த நேரம். திருப்பதியிலிருந்து திலீப் போன் செய்தான். அலிபிரி ரோட்டில் பழைய கார் சாமான் விற்கிறவன். கீர்த்தி போன சேதி அவனுக்குத் தெரியாது.

“எங்கண்ணா, ஆளையே காணோம்? ஒரு விஷயம் கேக்கணும். நேத்துலேர்ந்து நம்ம குடோன் செவுத்துல வெளிய நின்னுக்கினு யாரோ ஒரு பாப்பா தட்டுது. யாருன்னு கேட்டா, நகரி லுங்கிக் கடை திருவேங்கடம் ஊடு எதுன்னு கேக்குது. நானே வழி சொன்னேண்ணா. அதுக்கு, அங்க போய்ட்டுதான் வரேன், அங்க யாரோ ஒரு தாத்தா இருக்காரு, அது எங்க ஊடு இல்லங்குது… இருங்கண்ணா, இதோ, இப்பவும் தட்டுது.”

திருவேங்கடம் கையை ஆட்டி மனைவியைக் கூப்பிட்டார். தரணி ஓடிவந்து அவர் காதோடு காது வைத்து நின்றாள்.

“திலீப்! போன செவுத்துகிட்ட புடி! உன் கால்ல வேணா வுழறேன், புடி!” என்று கத்தினார் திருவேங்கடம்.

ஏதோ உரசியது. பிறகு, அறுபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, காதுக்குள்ளேயே கேட்டது.

டொக். டொக். டொக்.

“கண்ணு,” என்றார் திருவேங்கடம். “கீர்த்திம்மா. நைனா பேசறேன்டா.”

தட்டல் நின்றது. கவனிக்கிறாள். மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

“நைனாதான்டா. அதான் நம்ம ஊடு. நீ பாத்தது நம்ம ஊடுதான். வந்துடு…”

அவருக்குப் பின்னால், கட்டிலில், பெரியவர் சத்தமாகத் தொண்டையைச் செருமினார்.



“மன்னிச்சிக்கோங்க தாத்தா,” என்றது சுவருக்கு அப்பாலிருந்த குரல், மரியாதையாக. “நம்பரு மாறிடுச்சி போல.”

போனில் திலீப் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான்.

“அண்ணா… இப்ப பக்கத்துக் கடை செவுத்துல தட்டுது.”