டெல்வின் மூச்சு

இன்று காலை நீங்கள் யாருடைய மூச்சை விட்டீர்கள்? என்னுடையதைத்தான் என்பீர்களானால், நீங்கள் இன்னும் பூமியில் இருக்கிறீர்கள்.

செவ்வாயின் தொண்டிக் குவிமாடத்தில் பல் தேய்ப்பதற்கு முன்பே மூச்சைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். அங்கே காற்று மெலிது. சும்மா விட்டால் நெஞ்சு பாதி வேலைதான் செய்யும். அதனால் எல்லோர் விலாவுக்கடியிலும் புளியங்கொட்டை அளவில் ஒரு மூச்சோட்டி பதித்திருக்கிறார்கள். எவ்வளவு இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று அதுதான் தசைகளுக்குச் சொல்லும். அதற்கு மாதிரியாக யாராவது ஒருவர் விட்ட மூச்சு வேண்டும். அந்த மூச்சு சிறு வில்லைகளில் கிடைக்கும். தூங்குவதற்கு ஒரு பாடகியின் மூச்சு, மேலதிகாரியிடம் திட்டு வாங்கப் போகும்போது ஒரு சாமியாரின் மூச்சு.

சென்ற ஆண்டு முதல் பெரும்பாலும் டெல்வின் மூச்சு.

டெல்வின் முப்போட்டி வீரன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நிற்காமல் முடிக்கிற பந்தயம் அது. சைக்கிளைவிட்டு இறங்கி ஓடத் தொடங்கும் நேரம்தான் ஆளைக் கொல்லும். குனிந்தே மிதித்ததில் மூச்சுத் தசைகள் களைத்திருக்கும். கால் ஓட்டத்துக்கு மாறிவிடும், நெஞ்சு மாறாது. மூச்சு குட்டையாகி, வேகமாகி, மேல் நெஞ்சிலேயே அடித்துக்கொள்ளும். உள்ளே போன காற்று ரத்தத்தில் சரியாகச் சேராது. அந்த இடத்தை டெல்வின் கடைக்குப் போகிறவன்போல் கடந்தான்.

அந்த மூச்சு மாடத்தியுடையது. பாசித் தொட்டியில் வேலை பார்த்துக்கொண்டே வருடக்கணக்காக அதைப் பழகியவள் அவள். சைக்கிளின் கடைசிச் சுற்றிலேயே அடிவிலாவிலிருந்து இழுத்து, நீளமாக விட்டு, இறங்குவதற்கு முன்பே நெஞ்சை ஓட்டத்துக்குத் தயார் செய்துவிடுவாள். கூடப் பயிற்சி செய்த டெல்வின், அவள் குளிக்கப் போனபோது அவள் அதைப் பதித்திருந்த வில்லையை நகலெடுத்துக்கொண்டான். ஜெயித்ததும், "எங்க தாத்தா முத்துக் குளிச்சவரு. இது பரம்பரை மூச்சு" என்று பேட்டி கொடுத்து, அதை வில்லையாக விற்கவும் தொடங்கினான்.

மாடத்தி வீரர் சங்கத்தில் முறையிட்டாள். "மூச்சுக்கு யாரும்மா சொந்தக்காரங்க?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அதன்பின் லிஃப்டில் ஏறினால் முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் அவள் மூச்சையே விட்டார்கள். தன் பிடரியில் தானே மூச்சுவிடுவதுபோல் இருந்தது.

"விட்டுத் தொலையேன்" என்றாள் அண்ணன் மனைவி சொர்ணம். அவள் நெஞ்சிலும் டெல்வின் மூச்சுதான். "அவன் மொகத்துக்கு நாலு பேரு வாங்குதாக. ஒன் மூச்ச நாய் சீண்டுமா?"

"எல்லாரு முன்னாலயும் அவன் மூச்சு முட்டி நிக்கணும் மதினி. அன்னைக்குத் தெரியும், அது யார் மூச்சுன்னு."

"நல்ல புத்தி போ."

இந்த ஆண்டுப் பந்தயத்துக்கு மாடத்தி இரண்டு வில்லைகள் செய்தாள். நல்லதைத் தன் நெஞ்சில் ஏற்றிக்கொண்டாள். மற்றது சைக்கிளில் தேனாக ஓடும். கால் ஓடத் தொடங்கியதும் நாய் இரைப்பதுபோல் மாறி, நடுநடுவே ஒரு விக்கலும் போடும். அதன்மேல் 'இன்னும் வேகம்' என்று எழுதி, பயிற்சிக்கூடத்தில் தன் அலமாரியைப் பூட்டாமல் விட்டாள். பந்தயத்துக்கு முன் அதைப் போட்டு ஓடிப் பார்க்கும் பொறுமை டெல்வினுக்குக் கிடையாது.

அவள் நினைத்தபடியே நடந்தது. சைக்கிளில் முதலாவதாக வந்து இறங்கிய டெல்வின், சிறிது தூரம் ஓடியதும் வாயைப் பிளந்தான். கண் பிதுங்கியது. மாடத்தி அவனை எட்டிப் பிடித்தாள்.

"என்ன... பண்ணித் தொலைச்ச..."

"ஒங்க தாத்தாகிட்டக் கேளு. பரம்பரை மூச்சுல்லா" என்று சொல்லிவிட்டு அவள் தாண்டிப் போனாள்.

முதலாவதாக எல்லையைத் தொட்டவள் கேமராவைத் தேடினாள். ஒன்றுகூட அங்கே இல்லை. எல்லாம் பின்னால், இடுப்பைப் பிடித்துக்கொண்டு கடைசியாக வந்துகொண்டிருந்த டெல்வின்மீது இருந்தன. அவன் எல்லைக்கு வந்ததும் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். தொலைந்தான் என்று மாடத்தி தனக்குள் சிரித்தாள்.

"புது மூச்சு..." என்றான் அவன். ஒரு விக்கல். "இது ஜெயிக்கிறதுக்கு இல்ல... உணர்றதுக்கு."

கூட்டம் கைதட்டியது. "எவ்ளோ அழகா திணறுறாரு பாரேன்" என்றாள் ஒருத்தி.

மாடத்தி ஒலிவாங்கியைப் பிடுங்கினாள். "அது நான் செஞ்சது. இவன் திருடுவான்னே கெடுத்து வெச்ச மூச்சு அது."

"ஜெயிச்ச பெறவுமாம்மா இவ்வளவு பொறாமை?" என்று யாரோ கேட்டார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அன்றிரவே அந்தத் திணறல் மட்டும் தனி வில்லையாக விற்பனைக்கு வந்தது. மறுநாள் காலை குவிமாடமே இரைத்துக்கொண்டும் விக்கிக்கொண்டும் வேலைக்குப் போனது. பாசித் தொட்டிக்கு இரைக்காமல் வந்தவள் மாடத்தி ஒருத்திதான். மேற்பார்வையாளர் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி மருத்துவ அறைக்கு அனுப்பினார்.