கடல் பக்கம் விரித்த பாய்

கடலுக்குப் போய்த் திரும்பிய றிஸ்மியின் உடம்பில் மீன் வாடை இல்லை. கல்யாணமான நாள் முதல் மர்ஷூதா மூக்கைச் சுளித்துச் சுளித்துப் பழகிய வாடை அது. எத்தனை சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் தலையணையில், உடுத்த சாரத்தில், பிள்ளையைத் தூக்கும் கையில் ஒட்டிக்கொண்டே கிடக்கும். இப்போது அவன் பக்கத்தில் போனால் இடி விழுந்த தென்னையின் கருகல் மணம் மட்டும்தான் வந்தது.

கல்முனைக்குடிக்கு நேரே கடலில் அந்த வெளிச்சம் தெரிந்த அன்று, லைட் அடித்து மீனை வாரிப்போகும் வெளியூர்ப் படகுகள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வேறு என்ன நினைப்பார்கள்? விரட்டிவிட்டு வருகிறோம் என்று தோணிகளை இறக்கினார்கள். "இது தண்ணியில இல்ல, தண்ணிக்கு மேல நிக்கிது" என்று றிஸ்மி போனில் சொன்னான். அதோடு போன் அறுந்தது.

காலையில் இராணுவ முகாமிலிருந்து வந்த அதிகாரி அது வானிலை பலூன் என்றார். பின்னேரம் அதே மனிதர், பயிற்சிக்கு விட்ட வெளிச்சக் குண்டு என்றார். பச்சைப் பொய். ஆனாலும் போனவர்கள் எல்லோரையும் அவர்களுடைய ஜீப்பிலேயே கொண்டுவந்து இறக்கினார்கள்.

"உயிரோட வந்திட்டாரு, அல்ஹம்துலில்லாஹ். அவங்க செல்றத நம்புங்க மச்சி," என்றான் றிஸ்மியின் தம்பி அஷ்ரப், மர்ஷூதாவிடம்.

"ஒரு நாளைக்கு ரெண்டு கதை செல்றவங்கள எப்பிடி நம்புற? எனக்குப் பயமா இரிக்கி தம்பி. அப்னாவ அவரோட தனிய விடமாட்டன்."

பெற்ற மகளை அவளுடைய வாப்பாவிடமிருந்தே காக்க வேண்டி வந்துவிட்டது.

பொழுது சாய, மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. றிஸ்மி தொழுகைப் பாயை விரித்தான். மக்காவை நோக்கி மேற்கே அல்ல. கிழக்கே, கடல் பக்கம்.

"இஞ்ச பாருங்க, கிப்லா அங்கால."

"ஓம்," என்றான் அவன். "இனி இஞ்சால."

குரல் அவனுடையதுதான். அலுமாரிக் கண்ணாடியில் தெரிந்த உதடு அசையவில்லை.

அஷ்ரபைக் கூப்பிட வாசலுக்கு ஓடினாள். வீதியில் ஒருவரும் இல்லை. பள்ளிவாசலில் ஓதும் சத்தம் இல்லை. கடல் இரைச்சலும் இல்லை.

திரும்பினாள். பாய் கிடந்தது. அவன் இல்லை. பின்கதவு திறந்திருந்தது. அப்னா படுத்திருந்த கட்டில் வெறுமையாக இருந்தது.

கரைக்கு ஓடினாள்.

கரை நெடுக வரிசை. எல்லோரும் கடலை நோக்கி, மணலில் நெற்றி பதித்து. தோணிக்காரர்கள். அஷ்ரப். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சீருடையோடு அந்த அதிகாரி. சத்தமில்லாமல் ஒன்றாக எழுந்து நின்றார்கள். தோளோடு தோள் ஒட்டி நின்ற அந்த வரிசையில், றிஸ்மிக்கும் அப்னாவுக்கும் நடுவில் மட்டும் ஓர் ஆள் நிற்கும் இடம் விட்டிருந்தது. அப்னா திரும்பி, உதடு அசையாமல், "வாங்க உம்மா" என்றாள்.