பதினோரு படிகள்

அவள் போட்ட திருத்தம் சரியாகத்தான் இருந்தது. எப்படிச் சரியாக இருந்தது என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

'மாடிக்குப் பதின்மூன்று படிகள்' என்று அச்சாகியிருந்தது. அவள் கை பதின்மூன்றை அடித்துவிட்டு, ஓரத்தில் 'பதினோரு' என்று எழுதியிருந்தது. முன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். படிக்கணக்கு எங்கேயும் வரவில்லை.

பதிப்பகத்துக்காக வீட்டிலேயே புரூஃப் பார்ப்பவள் அவள். வரிக்கு அடியில் மர ஸ்கேலை வைத்து, கண் கீழே ஓடிவிடாமல் ஒவ்வொரு வரியாக இறங்குவாள். பார்த்து முடித்த புத்தகத்தின் கதையைக் கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பாள். எழுத்துதான் அவளுக்குக் கணக்கு.

இந்தப் புத்தகம் மட்டும் அவளை விடவில்லை. எழுதியவள் பெயர் போட்டுக்கொள்ளவில்லை. ஒன்பது வயதில் கணக்கு டியூஷனுக்குப் போன வீட்டு மாடியில், தாழிட்ட அறையில், வாத்தியார் தன்னை என்ன செய்தார் என்று எழுதியிருந்தாள். இரண்டு வருஷம் நடந்திருக்கிறது. படிக்கப் படிக்க இவளுக்கு ரத்தம் கொதித்தது. பென்சில் முனை இரண்டு தடவை உடைந்தது. மதியம் சாப்பிடும்போது அம்மாவிடம் பொரிந்து தள்ளினாள். கீழே இருந்தவர்கள் காதில் என்ன ஈயத்தையா ஊற்றியிருந்தார்கள், நானாக இருந்தால் கதவை உடைத்திருப்பேன் என்றாள்.

அம்மா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பழசைக் கிளறி என்ன ஆகப்போவுது? நீ எழுத்த மட்டும் பாரு."

இப்போது மணி ஐந்து. வெளியே மழை விட்டிருந்தது. ஈரத்துணி வாடையும், மாடியிலிருந்து இறங்கி வரும் அப்பாவின் தலைவலித் தைல வாடையும் ஹாலில் கலந்து கிடந்தன. அவள் ஸ்கேலை ஒரு வரி இறக்கினாள். 'நாலாவது படி முனகும். அங்கேயே தைலம் மணக்கும்.'

நாலாவது படி முனகியது.

அவளுடைய மகள்தான் ஏறிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, பேத்திக்கு நானே பின்னம் சொல்லித் தருகிறேன் என்று திங்கட்கிழமை சொன்னபோது இவளுக்கு நிம்மதியாக இருந்தது. புருஷன் வெளிநாட்டில். இவளுக்கோ தலைக்குமேல் வேலை. இன்று நாலாம் நாள். நேற்று வயிற்று வலி என்றாள் மகள். சற்றுமுன் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியடியில் நின்று கேட்டாள்: "அம்மா, இன்னிக்கு மட்டும் நீயும் வாயேன்."

வேலை இருக்கு, போ என்று பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லி அனுப்பியிருந்தாள்.

மேலே கதவு சாத்தும் சத்தம். தாழ்ப்பாள் விழும் சத்தம். அவள் விரல் தானாகவே ஸ்கேலை நகர்த்தியது.

'தாழிட்டதும் மேசையில் மூன்று தட்டு தட்டுவார்.'

டக். டக். டக்.

இல்லை. வாத்தியார் என்றால் தட்டத்தான் செய்வார். எல்லா வாத்தியாரும் தட்டுவார்கள். இன்னொரு வரி.

'கீழே அவர் மகள் இருந்தாள். என் வயதுதான். நான் கத்தினேன். ரேடியோ சத்தம் கூடியது. கூட்டியது யார் கை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.'

அவளுக்குத் தெரிந்தது.

இதே ஹால். இதே மேசை. வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறாள். மேலே ஏதோ சத்தம். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல்: "ரேடியோவக் கூட்டி வைடி." எழுந்து போகிறாள். குமிழின் வரிவரியான விளிம்பு விரலில் படுகிறது. திருகுகிறாள். பாட்டு ஹாலை நிறைக்கிறது. நல்ல பிள்ளை என்கிறாள் அம்மா.

எத்தனை நாள்? எத்தனை பிள்ளைகள்?

பாட்டு இப்போதும் கேட்டது.

திரும்பினாள். அலமாரி முன்னால் அம்மா, முதுகைக் காட்டியபடி. விரல்கள் குமிழின்மேல்.

"அம்மா."

"நீ ஒன் வேலயப் பாரு."

ஸ்கேல் தரையில் விழுந்தது. ஓடினாள். ஒன்று. இரண்டு. நாலு முனகியது. ஆத்திரம் பற்றி எரிந்தது. அவன்மேல். அம்மாமேல். எல்லாரையும்விட, குமிழைத் திருகிய அந்த நல்ல பிள்ளைமேல். ஒன்பது. பத்து. பதினொன்று.

தாழ்.

"கதவத் தொற!"

"பாடம் நடக்குது," என்றார் அப்பா உள்ளிருந்து. நிதானமான குரல். வகுப்பறைக் குரல்.

மகளின் குரல் கேட்கவில்லை. இவள் தோளால் மோதினாள். முட்டியால் இடித்தாள். காலால் உதைத்தாள். கதவு அசையவில்லை. அவள் இடிக்க இடிக்க, கீழே ரேடியோவின் சத்தம் ஏறிக்கொண்டே வந்தது.