தலை நுழையாத கஃப்தான்

"அக்கா, பாங்கு சொல்ல இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

காலையிலிருந்து ஜினான் இதைக் கேட்பது பதினெட்டாவது தடவை. சுகைனா எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

"இன்னும் மத்தியானமே ஆகலை, ஜினான்."

"பொய்! என் வயித்துக்குள்ள சாயங்காலம் ஆயிடுச்சு."

ஜினானுக்கு ஆறு வயது. அன்றைக்குத்தான் அவளுக்கு முதல் நோன்பு. ரமழான் இருபத்தாறாம் நாள் வந்துவிட்டால் ஸெஃப்ரூ ஊரில் சந்துக்கு நாலு குட்டி மணப்பெண்கள் புறப்பட்டுவிடுவார்கள். முதல் நோன்பு வைத்த சிறுமிகளின் கையில் மருதாணி, நெற்றியில் சுட்டி, கணுக்கால் வரை தொங்கும் கஃப்தான் அங்கி எல்லாம் ஜொலிக்கும். நோன்பு திறந்ததும் ஸ்டுடியோவுக்குப் போய், ராணி நாற்காலியில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் படம் கூடத்துச் சுவரில் ஆயுசுக்கும் தொங்கும்.

எல்லாரும் கஃப்தானைக் கடையில் வாடகைக்கு எடுப்பார்கள். ஜினானுக்கு மட்டும் அவளுடைய அக்கா தைத்திருந்தாள். அக்காவுக்கு வயது பதினொன்று!

அதற்கு முன் சுகைனா வாழ்க்கையில் தைத்தது ஒரே ஒரு தலையணை உறை. நாலு பக்கமும் அழகாகத் தைத்து முடித்த பிறகுதான், தலையணை வெளியிலேயே இருப்பதைப் பார்த்தாள். வீடே ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

ஆனாலும் உம்மாவின் தங்கை ரபீஆ சாச்சி, தன் கல்யாணக் கஃப்தானில் மிஞ்சிய பட்டுத் துணியைச் சுகைனாவிடம்தான் கொடுத்தாள். செர்ரிப் பழ நிறம். தொட்டால் வழுக்கிக்கொண்டு போகும்.

"இந்தத் துணி இனிமே எங்கே தேடினாலும் கிடைக்காது. நாசம் பண்ணினே, காதைத் திருகிடுவேன்" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

சுகைனா தலைகால் புரியாமல் குதித்தாள். மூன்று வாரம் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து தைத்தாள். விரலில் ஊசி குத்தாத இடம் இல்லை.

ஜினானுக்கு அளவெடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. தொட்டாலே கூச்சத்தில் நெளிந்து விழுந்து சிரிப்பாள். அதனால் அவள் மத்தியானம் தூங்கும்போது பட்டு நூலை வைத்து அளந்து, முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள் சுகைனா. கைக்கு நீல நூல், உயரத்துக்குப் பச்சை நூல், கழுத்துக்கு வெள்ளை நூல். அந்த வீட்டில் நூலுக்கு என்ன பஞ்சம்? உம்மா கடைகளுக்குப் பட்டு நூலில் பொத்தான் கட்டிக் கொடுப்பவள். ஊரில் பாதி வீடுகளில் அதுதான் வேலை.

போட்டுப் பார்க்கவும் சுகைனா விடவில்லை. "அன்னைக்கு ஒரே தடவையா போட்டு அசத்தணும்" என்று ஒளித்தே வைத்திருந்தாள்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்தது. சமையலறையில் ஹரீரா சூப் கொதிக்கும் வாசனை கூடம் வரைக்கும் வந்தது. ஜினான் இரண்டு விரலால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசனை பிடித்தாலும் நோன்பு போய்விடுமோ என்று அவளுக்குப் பயம்.

"கண்ணை மூடு. கையைத் தூக்கு" என்றாள் சுகைனா.

கஃப்தான் மேலிருந்து இறங்கியது. கைகள் இரண்டும் சரியாக வெளியே வந்தன. அப்புறம் எதுவும் வரவில்லை.

"அக்கா, ஒரே இருட்டா இருக்கு!"

"தலையை வெளியே நீட்டு."

"நீட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்!"

சுகைனா கீழே இழுத்தாள். உச்சிக் குடுமி மட்டும் கழுத்து ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தது.

"மூக்கு! என் மூக்கு!" என்று அலறிக்கொண்டு, தலையில்லாத செர்ரி நிறக் கஃப்தான் ஒன்று கூடத்தில் அங்குமிங்கும் ஓடி, தூணில் மோதி, தரையில் உட்கார்ந்தது.

சத்தம் கேட்டு உம்மாவும் சாச்சியும் கரண்டியோடு ஓடிவந்தார்கள். மூன்று பேரும் சேர்ந்து இழுத்ததில் ஜினான் வெளியே வந்தாள். முகம் துணியைவிடச் சிவந்திருந்தது.

சாச்சி கழுத்து ஓட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கழுத்தளவு அச்சா இருக்குடி. ஆனா கழுத்துக்கு மேல தலைன்னு ஒண்ணு இருக்குமே, அதை யாரு அளந்தா? நீ தச்சது புள்ளைக்கா, இல்ல எண்ணெய் ஜாடிக்கா?"

வேறு நாளாக இருந்தால் சுகைனாவும் சிரித்திருப்பாள். இப்போது தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி விடு. வாடகைக் கடையில பச்சை ஒண்ணு மிச்சம் தொங்கிச்சு. உள்ள ரெண்டு ஜினான் போகலாம், அவ்வளவு பெருசு. ஊசி குத்திச் சமாளிச்சுக்கலாம். நான் போயி எடுத்துட்டு வந்துடறேன்" என்றாள் சாச்சி.

ஜினானின் உதடு பிதுங்கியது.

"எனக்குப் பச்சை வேணாம்! வகுப்புல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எங்க அக்கா தச்சதுன்னு! செர்ரி கலர் இல்லேன்னா நான்... நான் இப்பவே பேரீச்சம்பழத்தைத் தின்னுடுவேன்!"

மேசைமேல் பேரீச்சம்பழத் தட்டு தயாராக இருந்தது. ஜினானின் கண் அதன்மேலேயே இருந்தது. சுகைனா அதைக் கவனித்தாள். பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் கட்டிக் காத்த நோன்பு, இன்னும் இரண்டரை மணி நேரத்தில் முடியப் போகிற நோன்பு, தன்னால் போய்விடப் போகிறது என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

சாச்சி வெளியே கிளம்புவதற்காகத் தன் ஜெல்லாபா அங்கியை எடுத்தாள். மேலே இருந்த நாலைந்து பொத்தான்களைப் பட்பட்டென்று கழற்றினாள். தலையை நுழைத்தாள். திரும்பவும் பொத்தான்களை மாட்டினாள்.

சுகைனா வாயைப் பிளந்தாள்.

பிறந்ததிலிருந்து பொத்தான்களுக்கு நடுவில் வளர்ந்தவள் அவள். ஆனால் அந்த வீட்டில் பொத்தான் என்றால் டப்பாவில் இருக்கும், கடைக்குப் போகும், சின்னப் பிள்ளைகள் தொடக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அது எதற்காக இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"சாச்சி, நில்லுங்க! கடைக்குப் போகாதீங்க! நெஞ்சு வரைக்கும் வெட்டிட்டு, பொத்தான் வச்சுடலாம்!"

"வெட்டறதா? இந்தத் துணியையா?" சாச்சியின் கை தன்னை அறியாமல் நெஞ்சுக்குப் போனது. "பாங்குக்குள்ள முடியலேன்னா? அந்தப் பச்சையையும் வேற யாராவது தூக்கிட்டா, புள்ள பழைய கவுனோட ராணி நாற்காலியில உக்காருமா?"

உம்மா சுகைனாவைப் பார்த்தாள்.

"உன்னால முடியுமா?"

"முடியும்னு நினைக்கிறேன் உம்மா."

"நினைக்கிறியா, முடியுமா?"

சுகைனா கஃப்தானைக் கையில் எடுத்துக்கொண்டாள். "முடியும்."

"அப்ப உக்காரு. ரபீஆ, வா, ஹரீரா அடி பிடிக்குது."

முதல் வேலையாகச் சுகைனா ஒரு சிவப்பு நூலை எடுத்து ஜினானின் தலையை அளந்தாள். நெற்றி, காது, பின்மண்டை என்று ஒரு சுற்று. ஜினான் அழுகையை மறந்து கூச்சத்தில் கிக்கிக்கென்று சிரித்தாள். சோப்புத் துண்டால் துணியில் கோடு போட்டாயிற்று. இனி வெட்ட வேண்டியதுதான்.

கத்தரிக்கோலை எடுத்தாள். மூன்று வார உழைப்பு! கோணிவிட்டால் அவ்வளவுதான். பக்கத்தில் ஜினான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சரக்!

கோடு மாறவில்லை. இரண்டு பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள்.

வெட்டிய ஓரத்தை மடித்துச் சுகைனா தைக்க ஆரம்பித்தாள். கை பறந்தது. ஆனால் ஜினானுக்குச் சும்மா உட்கார முடியவில்லை. நாற்பதாவது தடவை நேரம் கேட்டாள். நாற்பத்தொன்றாவது தடவை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். கண் மட்டும் பேரீச்சம்பழத் தட்டின் பக்கம் போய்ப் போய் வந்தது. பாவமாக இருந்தது சுகைனாவுக்கு.

"ஜினான், எனக்கு ஒரு ஆள் வேணும். முக்கியமான வேலை. செய்வியா?"

"என்ன வேலை?" ஒரு கண் திறந்தது.

"கட்டிலுக்கு அடியில ஒரு பிஸ்கட் டப்பா இருக்கு, எடுத்துட்டு வா. நீதான் பொத்தான் பொறுக்கித் தரணும்."

அந்த டப்பாவில் இருந்தவை உம்மாவின் பொத்தான்கள் இல்லை. சுகைனா விளையாட்டாகக் கட்டிப் பழகியவை. ஒன்று கோணல், ஒன்று குண்டு, ஒன்று பாதியில் பிரிந்தது. நிறமும் ஒன்றோடொன்று சேராது. கடைக்காரர் கண்ணில் பட்டால் தலையில் அடித்துக்கொள்வார்.

ஜினான் டப்பாவைத் தரையில் கொட்டினாள். உற்றுப் பார்த்தாள். அவள் கண் விரிந்தது.

"அக்கா! இது பேரீச்சம்பழம்!" பழுப்பு நிறத்தில் நீளமாகப் போன ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

"அட, ஆமா! கொண்டா, முதல்ல அதுதான்."

"இந்த வெள்ளை, பால். அப்புறம்... வெள்ளையில மஞ்சள் இருக்கே, இது அவிச்ச முட்டை!"

"அடுத்து?"

"ஹரீரா எங்கே? ஹரீரா வேணும்!" ஜினான் தரையில் தவழ்ந்து தேடினாள். தக்காளி நிறத்தில் ஒன்று அலமாரிக்கு அடியில் கிடைத்தது. பச்சைக் குண்டுப் பொத்தான் ஆலிவ் ஆனது. பொன்னிற நூலில் சிக்குச் சிக்காகக் கெட்டுப்போன ஒன்று, தேனில் முக்கிய ஷபாக்கியா முறுக்குப்போலவே இருந்தது. அதைக் கண்டதும் ஜினான் எழுந்து ஆடவே ஆரம்பித்துவிட்டாள்.

அதன் பிறகு அவள் ஒரு தடவைகூட நேரம் கேட்கவில்லை. ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கச் சாச்சி வந்தாள். "இது என்னடி, பொத்தானா, பலகாரக் கடையா?" என்றவள், போக மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஓரத்தில் ஏழு நூல் வளையங்கள் ஏறின. எதிரே ஒவ்வொரு பொத்தானாக ஏறியது. ஜன்னல் வெயில் சுவரிலிருந்து கூரைக்குப் போனது. உம்மா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய், தன் பெரிய டப்பாவைக் கொண்டுவந்து திறந்தாள். நாளைக்குக் கடைக்குப் போக வேண்டிய பொத்தான்கள், ஒரே அளவில், ஒரே சிவப்பில் மின்னின.

"இதுலேருந்து ஏழு எடுத்துக்கோ" என்றாள் உம்மா. "கடைக்கு நான் வேற கட்டிக் கொடுத்துக்கறேன்."

சுகைனாவுக்கு நம்பவே முடியவில்லை. உம்மா தன் டப்பாவில் யாரையும் கைவைக்க விட்டதே கிடையாது. சுகைனாவின் கை மெல்ல டப்பாவை நோக்கி நீண்டது.

ஜினான் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைச் சுளித்தாள்.

"வேணாம் உம்மா. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. அதுல ஒரு சாப்பாடும் இல்லை."

சாச்சிதான் முதலில் வெடித்துச் சிரித்தாள். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

ஆறாவது பொத்தானுக்கு முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தாள் சுகைனா. "வா, ஓடி வா!" கஃப்தான் இறங்கியது. கை வந்தது. குடுமி வந்தது, நெற்றி வந்தது, மூக்கு வந்தது. சிரித்துக்கொண்டே ஜினான் முழுசாக வெளியே வந்தாள்!

அதே நேரத்தில் ஊர்ச் சைரன் ஊதியது. அதன் பின்னாலேயே பாங்குச் சத்தம் கேட்டது.

"ஏணி! ஏணியைக் கொண்டாங்க!" என்று கத்தினாள் சாச்சி. முதல் நோன்பு திறக்கும் பிள்ளை ஏணியின் முதல் படியில் உட்கார்ந்துதான் திறக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். செர்ரி நிறக் கஃப்தானை விரித்துக்கொண்டு, ராணி மாதிரி உட்கார்ந்தாள் ஜினான். உம்மா பேரீச்சம்பழத்தை நீட்டினாள்.

ஜினான் முதல் பொத்தானைத் தொட்டாள், பழத்தைத் தின்றாள். இரண்டாவதைத் தொட்டாள், பாலைக் குடித்தாள். அப்புறம் முட்டை, ஹரீரா, ஆலிவ். வரிசை மாற்றி எதைக் கொடுத்தாலும் வாங்க மறுத்துவிட்டாள். ஷபாக்கியா மட்டும் மூன்று.

ஸ்டுடியோவில் எட்டுச் சிறுமிகள் காத்திருந்தார்கள். எல்லாருடைய கஃப்தானும் பளபளத்தது. ஆனால் புகைப்படக்காரர் ஜினானைத்தான் குனிந்து பார்த்தார். "பொத்தான் எல்லாம் புதுசா இருக்கே! எந்தக் கடையில வாங்கினது?"

"கடையில கிடைக்காது மாமா. எங்க அக்கா தச்சது" என்றாள் ஜினான், தாடையை நன்றாகத் தூக்கிக்கொண்டு. சுகைனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஜினான் கடைசி வளையத்தில் சுண்டு விரலை விட்டுப் பார்த்தாள்.

"அக்கா, ஏழாவது காலியா இருக்கே?"

"பாங்கு சொல்லிட்டாங்க இல்ல? நேரம் பத்தலை. அடுத்த வருஷம் இந்தச் சட்டையும் உனக்குப் பத்தாது. புதுசு தைக்கறப்ப ஏழும் வச்சுத் தர்றேன்."

"அடுத்த வருஷமும் நீயே தைப்பியா?"

"நான்தான் தைப்பேன்!"

ஜினான் நின்றாள். சுட்டியைக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்தாள். பிறகு தலையை அவள் பக்கம் நீட்டினாள்.

"அப்ப இப்பவே இதை அளந்து வச்சுக்கோ!"