எல்லாம் இன்றைய தேதியில்

குறிப்புகள் எல்லாம் புதுக் கம்ப்யூட்டருக்கு ஒழுங்காக வந்துவிட்டன. ஆனால் எல்லாவற்றிலும் இன்றைய தேதி இருந்தது.

அம்மா படுக்கையில் கிடந்த மாதங்களில் மகள் எழுதி வைத்தவை. எப்போது இருமல், எப்போது தண்ணீர், எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தது. டாக்டருக்காக ஆரம்பித்தது, அம்மா போன பிறகு அவளுக்கு மிஞ்சியது அதுதான். வீட்டில் நோயாளி ஒருவர்தானே என்று எதிலும் பெயர் எழுதவில்லை.

கம்ப்யூட்டர் வேலை தெரிந்த கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"வேற சிஸ்டத்துக்கு மாத்துனா அப்படித்தான் அண்ணி. எல்லாம் இன்னிக்கு நடந்த மாதிரி காட்டும். பழசுலேர்ந்து திரும்ப எடுத்துக்கலாம்."

பழையதை மத்தியானமே எல்லாம் அழித்துக் கடையில் கொடுத்துவிட்டிருந்தாள். சரி என்று போனை வைத்தாள்.

இருட்டத் தொடங்கியதும் விளக்கைப் போட்டாள். உள்ளறையில் கணவர் இருமினார். காலையிலிருந்து ஜலதோஷம், இரண்டு தும்மல் போட்டால் உயில் எழுதக் கிளம்பிவிடுகிற மனிதர். ஃபேன் காற்று நன்றாக வரும் என்று அம்மாவின் கட்டிலில் படுத்திருந்தார். திரையில் முதல் குறிப்பு: விளக்கு போட்டதும் இருமல்.

அவளுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. நெஞ்சின் அடியிலிருந்து எதையோ இழுத்து இழுத்துக் கொண்டுவந்து, துப்ப முடியாமல் விழுங்கி, கடைசியில் மெல்லிய முனகலில் அடங்கும் அந்த இருமலை அவள் மாதக்கணக்கில் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக் கேட்டிருக்கிறாள். கதவிடுக்கு வழியாகத் தைலமும் ஈர விரிப்பும் கலந்த வாசனை வந்தது. அந்த விரிப்புகளை எரித்து எவ்வளவோ நாளாயிற்று.

"கண்ணு, தண்ணி குடு."

குரல் கணவருடையது. அவர் அவளைக் கண்ணு என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

அடுத்த குறிப்பு, தண்ணீர் கேட்டது. கடைசிக் குறிப்பு அவளுக்கு மனப்பாடம்: மூச்சு நின்றது. கண்ணை நானே மூடினேன்.

அதை அழித்தாள். திரும்ப வந்தது. தேதியை மாற்றினாள். மறுபடி இன்று. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது, யாரையோ புரட்டிப் படுக்க வைப்பதுபோல. ஐயோ, அவர் இல்லை, அவரை விட்டுவிடு. அப்போதுதான் தோன்றியது. பெயர். பெயர் எழுதாததுதான் தப்பு. ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் அடித்தாள். அம்மா. அம்மா. அம்மா. அழுதுகொண்டே கடைசிக் குறிப்பிலும். அம்மா.

இருமல் நின்றது.

ஓடினாள். கணவர் மல்லாந்து கிடந்தார். மார்பு அசையவில்லை. மூக்கருகே விரல் வைத்தாள். ஒன்றுமில்லை. கண்கள் மட்டும் திறந்திருந்தன.

அவள் கை தானாக அந்த இமைகளை நோக்கிப் போனது. வெடுக்கென்று இழுத்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்து இறுக்கிக்கொண்டாள். மூடமாட்டாள். மூடாத வரை அந்தக் குறிப்பு முடியாது.

மூச்சில்லாத அந்த முகத்தில் உதடுகள் மெல்லப் பிரிந்தன.

"அம்மான்னு கூப்பிட்டியா, கண்ணு?"