குருவிக்கு விட்ட இடம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கார் ஏரிக்கரை வீட்டின் முன் நின்றதும் முதலில் குதித்து இறங்கியவள் குருவி. சாம்பல் நிறக் கல் சுவர்கள், பாதி திறந்த மாடி ஜன்னல், படிக்கட்டுவரை ஏறி வந்துவிடுவதுபோல் கிடந்த பச்சைத் தண்ணீர். படித்த கதைகளில் வரும் வீடுகளில் ஒன்று வழி தவறி இங்கே வந்து உட்கார்ந்துவிட்டதோ என்று அவளுக்குத் தோன்றியது.

"வாயைப் பிளந்தது போதும், பையை எடு" என்றாள் வக்கீல்.

நான்கு பேரும் ஒரே அறையில் தங்கிக் கல்லூரிக்குப் போகிறவர்கள். எதற்கெடுத்தாலும் வாதாடுகிறவள் வக்கீல். மூச்சுவிடாமல் பேசுகிறவள் ரேடியோ. தன் சித்தப்பாவின் பழைய காரை ஓட்டி வந்தவள் நெட்டை. சோற்றைக் கொறிப்பதால் இவளுக்குக் குருவி என்று பெயர் விழுந்திருந்தது. ஐந்து நாள் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்திருப்பார்கள். சனிக்கிழமை விடிந்தால் போதும், கால் தரையில் நிற்காது. ராட்டினம், மலைப்பாதை, கூரைமேல் பிறந்தநாள் கொண்டாட்டம், மழையில் நனைந்தபடி பார்த்த கால்பந்து என்று ஒரு வாரமும் சும்மா போனதில்லை. வீட்டில் எப்போதும் ஒதுங்கியே வளர்ந்த குருவிக்கு இந்த மூன்று பேர்தான் உலகம். இவர்கள் இல்லாமல் தான் யார் என்று கேட்டால் அவளிடம் பதில் கிடையாது.

கதவைத் திறந்த காவல்காரர் அவள் பையை வாங்கிக்கொண்டார்.

"வாம்மா. போன வாரம் படுத்த அதே ஜன்னலோரக் கட்டில்தானே உனக்கு?"

"நான் போன வாரம் வரலையே, ஐயா."

அவர் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். விளையாட்டுக்குப் பொய் சொல்லும் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல் சிரித்துவிட்டு மாடியேறினார்.

"நாங்க பண்ணின கூத்துல அவரே குழம்பிட்டாரு" என்று நெட்டை விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தக் கூத்து இவர்களுடைய சட்டம். ஒருமுறை வக்கீல் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டு அறையிலேயே கிடந்தபோது, ராட்டினத்தில் அவளுக்கென்று ஓர் இருக்கையைக் காலியாக வைத்தார்கள். அன்றிலிருந்து, வராதவளுக்கும் இடம் உண்டு. மேசையில் தட்டு, படுக்கையில் பாதி, புகைப்படத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடைவெளி. அவள் குரலில் வேறு யாராவது பதில் சொல்லவும் வேண்டும். போன வாரம் குருவிக்குச் செய்முறைத் தேர்வு. மற்ற மூவரும் இந்த வீட்டுக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, "வா குருவி, உக்காரு" என்று இரண்டு நாளும் அழைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் குருவி மூவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். எவ்வளவு பிரியம்!

ஜன்னலோரக் கட்டிலில் கையை வைத்தாள். விரிப்பு ஈரமாக இருந்தது. ஏரித் தண்ணீரின் பாசி வாடை.

தலையணையில் ஒரு தலை அழுந்திய பள்ளம்.

மதியம் ரொட்டியும் முட்டையும் எடுத்துவைத்த ரேடியோ ஐந்து தட்டுகளைப் பரப்பினாள்.

"நாலு பேர்தானேடி இருக்கோம். அஞ்சாவது யாருக்கு?" என்றாள் குருவி.

"குருவிக்கு."

யாரும் சிரிக்கவில்லை. ரேடியோ தட்டைப் பார்த்தாள், குருவியைப் பார்த்தாள். யாரோ தோளைத் தொட்டு எழுப்பியதுபோல் விழித்தாள்.

"ஐயோ, பழக்க தோஷம்டி."

ஆனால் தட்டை எடுக்கவில்லை.

பாத்திரம் கழுவும்போது ரேடியோ குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் கிசுகிசுத்தாள். அவள் இவ்வளவு மெதுவாகப் பேசிக் குருவி கேட்டதே இல்லை.

"ஒண்ணு சொல்றேன், அவங்ககிட்ட சொல்லாத. போன வாரம் உன் குரல்ல பதில் சொன்னது நான் இல்ல."

"பின்ன யாரு? வக்கீலா?"

"அவ நான்னு நெனச்சிருக்கா. நெட்டையும் நான்னுதான் நெனச்சிருக்கா." ரேடியோ கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். "கூப்பிட்டப்பல்லாம் பதில் வந்துச்சுடி. அச்சு அசல் உன் குரல். எங்க எல்லாருக்கும் அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு."

"வா, இப்பவே கிளம்பிடலாம்."

"ம்" என்றாள் ரேடியோ. பிறகு குழாயை மூடினாள். முகத்திலிருந்த அச்சம் துடைத்தெடுத்தாற்போல் போயிருந்தது.

"ஏரிக்குப் போலாம் வாடி!" என்று கத்திக்கொண்டே வெளியே ஓடினாள்.

அவள் யாரைப் பார்த்து அழைத்தாள் என்பது குருவிக்குத் தெரியவில்லை. அவள் பார்வை குருவிக்கு ஒரு முழம் இடப்பக்கம் இருந்தது.

மூன்று மணி வெயிலில் ஏரி பளபளத்தது. மற்ற மூவரும் படகில் ஏறியிருந்தார்கள். குருவி ஒரு காலை உள்ளே வைத்தபோது படகுக்காரர் துடுப்பைக் குறுக்கே நீட்டினார்.

"நாலு பேருக்கு மேல தாங்காதும்மா. அடுத்த நடை வா."

"மூணு பேர்தானே இருக்காங்க!"

அவர் பலகை பலகையாக ஆட்களை எண்ணினார். விரல் நான்கு முறை அசைந்தது.

"நாலு" என்றார்.

பின்பலகையில் நெட்டைக்கும் ரேடியோவுக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தது. இருவரும் விளிம்போடு ஒட்டி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த இடத்தில் பலகை நனைந்திருந்தது.

"வக்கீல்! என்னைப் பாருடி! நான் இங்க நிக்கிறேன்!"

படகு நகர்ந்தது. வக்கீல் பின்னால் திரும்பி, அந்த வெற்றிடத்தைப் பார்த்துச் சிரித்தாள். "ஏய் குருவி, துடுப்பை ஒழுங்கா பிடி! தண்ணிய என் மேலயா அடிக்கிற?"

தண்ணீர் தெறித்தது. மூன்று பேரும் கூச்சலிட்டுச் சிரித்தார்கள்.

நான்காவதாக ஒரு சிரிப்பும் கேட்டது.

அது குருவியின் சிரிப்பு. மூச்சு வாங்கி, முடிவில் சின்னதாக விக்கும் அதே சிரிப்பு. கரையில் நின்ற குருவி இரு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு நிற்கவில்லை.

மாலை அவர்கள் திரும்பியபோது எதிரில் போய் நின்றாள். விலகி நடந்தார்கள். ரேடியோவின் கையை இறுகப் பற்றினாள். ரேடியோ குளிர் அடித்தவள்போல் அந்தக் கையைத் தேய்த்துக்கொண்டாள். குருவி அழுதாள், கெஞ்சினாள், நெட்டை எப்போதோ ஒரு சண்டையில் சொன்ன கெட்ட வார்த்தைகளையெல்லாம் அவளுக்கே திருப்பிச் சொன்னாள். மேசையில் இப்போது நான்கு தட்டுகள்தான். அவற்றில் ஒன்றின் முன்னால் யாரும் இல்லை. மற்றவர்கள் அந்தப் பக்கமே திரும்பிப் பேசினார்கள், இடையிடையே நிறுத்தி எதையோ கேட்டார்கள், தலையாட்டினார்கள்.

இத்தனை மகிழ்ச்சியாக அவர்களை அவள் பார்த்ததில்லை. அதுதான் அவளை உடைத்தது. அவள் இல்லாத குறை அங்கே யாருக்கும் இல்லை.

இரவு முழுக்க மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். ஞாயிறு காலை காவல்காரர் விரிப்புகளை மடித்து, ஜன்னல்களைச் சாத்தி, அவளைத் தாண்டிப் போய்க் கதவைப் பூட்டினார். எப்படி வெளியே வந்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை. வாசலில் நின்றாள். கார் கிளம்பிக்கொண்டிருந்தது.

"ரேடியோ! என்னை விட்டுட்டுப் போகாதீங்கடி!"

பின் இருக்கையில் ரேடியோ கதவோடு ஒண்டி உட்கார்ந்து, பக்கத்தில் தாராளமாக இடம் விட்டிருந்தாள். குருவி ஓடினாள். சரளைக்கல் காலைக் கிழித்தது. வளைவில் கார் வேகம் குறைந்தபோது, யாரும் இல்லாத பக்கத்துக் கண்ணாடி மெல்லக் கீழே இறங்கியது.

பாதிவரை இறங்கி நின்றது. அவளைப் பார்ப்பதற்குத்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

பிறகு மேலே ஏறியது.

கார் மறைந்த சாலையில் தூசி அடங்கியபோது சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. அம்மா. எடுத்தாள்.

"அம்மா! அம்மா, எங்கிட்ட பேசும்மா, நான் இங்க தனியா மாட்டிக்கிட்டேன்!"

"ஹலோ? என்னடி, ஒண்ணுமே பேச மாட்டேங்கிற? வெறும் காத்து சத்தம்தான் வருது" என்றாள் அம்மா. "சரி, இப்பதானே அவ்ளோ நேரம் பேசின. நேரா வீட்டுக்கே வரேன்னு சொன்னதும் இங்க எல்லாருக்கும் தலைகால் புரியல. தங்கச்சி உன் பக்கத்துலதான் படுப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

"வேணாம்மா! கதவைத் திறக்காத!"

"ராத்திரி நீ வந்து சேர்றதுக்குள்ள அப்பா தூங்கிடுவாரு, மணி அடிச்சு எழுப்பாத" என்றாள் அம்மா, குரல் நிறையப் பாசத்தோடு. "தாழ்ப்பாள் போடாமலே வைக்கிறேன். நீ பாட்டுக்கு உள்ள வந்துடு, கண்ணு."